கண்ணாடிப் பெட்டி வாங்குமுன் ஊரைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புக்கு நல்லதொரு நூதனசாலை வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது கட்டுரைகளும் கடிதங்களும் வருகின்றன. என் ஆசையும் அதுதான். ஆனால் எந்தப் பொருட்களைச் சேர்ப்பது, எந்தக் கட்டடத்தில் வைப்பது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வந்து பார்க்கப்போவது யார், அவருக்கு முன்பே என்ன தெரியும், எவ்வளவு நேரம் கால் கடுக்காமல் நிற்பார் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறிய பொது நூலகத்தில் வேலை செய்கிறவள். என் பெத்தாவோடு, அதாவது பாட்டியோடு, ஒரு கண்காட்சிக்குப் போய் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விகள் மனதில் கிடக்கின்றன.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பனையோலைக் கடகம் ஒன்று இருந்தது. அதன் விளக்கக் குறிப்பைப் பெட்டியின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். பெத்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாசித்தார். கடகம், பனையோலை, விவசாயத்துக்குப் பயன்பட்டது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“இதென்ன புள்ள, கடகம் எண்டு எழுதியிருக்கு? களவெட்டிக்குள்ள கடகம் எண்டு சொல்லப்படாது. பெருவாயன் எண்டுதான் சொல்லோணும்” என்றார். களவெட்டி என்றால் சூடடிக்கிற களம். அங்கே நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமான பெயரைச் சொன்னால் பூதங்கள் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து எழுதவும் தொடங்கியது. அந்த நேரம் பொறுப்பாக நின்ற ஒருவர் வந்து, வழியை மறிக்க வேண்டாம், நகருங்கள் என்றார். நகர்ந்துவிட்டோம்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டம் தேங்காமல் பார்த்துக்கொள் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். கூட்டம் தேங்க வேண்டிய இடம் அதுதான் என்று திட்டமிட்டவர்கள் நினைத்திருந்தால், அந்தக் கடகத்துக்கு முன்னால் உட்கார ஒரு வாங்கு போட்டிருப்பார்கள். களவெட்டிச் சொற்களைப் பெரிய எழுத்தில் கண் மட்டத்தில் எழுதியிருப்பார்கள். பெத்தா போன்றவர்களை முன்கூட்டியே தேடிப்போய்க் கேட்டிருப்பார்கள்.

பெத்தா இடுப்பைப் பிடித்தபடி குனிந்ததை நினைக்கும்போது, நான் வாசித்த ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. 1916 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் என்பவர் ஒரு சோதனை செய்தார். நல்ல கண்பார்வையும் அறிவும் உள்ள ஒருவரிடம் அங்குள்ள பொருட்களைப் பற்றிச் சில எளிய கேள்விகளைக் கொடுத்தார். அந்த மனிதர் விடை தேடுவதற்காக எப்படியெல்லாம் குனிகிறார், குந்துகிறார், கழுத்தை வளைக்கிறார் என்று படம் பிடித்தார். அந்தப் படங்களோடு கட்டுரையும் எழுதினார். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சு அந்தக் கட்டுரையால்தான் பரவியது. பார்க்க வந்தவர் களைத்துப்போவது அவருடைய ஆர்வக் குறைவால் அல்ல, பெட்டியை வைத்த விதத்தால் என்று 100 வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டார்கள். நாம் இன்னும் குறிப்பை முழங்காலடியில் ஒட்டுகிறோம்.

சரி, பணமும் நிபுணரும் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று சொல்வார்கள். எங்கள் நூலகத்தில் வாசிப்பு மாதத்துக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஊரில் கேட்டு வாங்கிய, நெல் அளக்கிற மரைக்கால், பாக்குவெட்டி, வெற்றிலை வட்டா, மீன் பிடிக்கிற கரப்பு, அத்தாங்கு, பழைய லாம்பு என்று ஒரு மேசை நிறையப் பொருட்கள். குறிப்புகளைக் கையால் எழுதி டேப்பால் ஒட்டினோம். கரப்பைப் பற்றி நான் ஒரு முழுத்தாள் எழுதியிருந்தேன். முதல் நாள் முழுக்க என் மேசையில் இருந்தபடியே கவனித்தேன். ஒருவரும் அதைக் கடைசி வரை வாசிக்கவில்லை. முதல் வரியைப் பார்ப்பார்கள், கரப்பைப் பார்ப்பார்கள், அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். எழுதியவளுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, “இதுக்கு அடியும் இல்ல, மேலயும் ஓட்டை, மீன் எப்படி நிக்கும்?” என்று கேட்டதை நான் குறித்து வைத்தேன்.

இரண்டாம் நாள் என் தாளைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்வியையே பெரிதாக எழுதி ஒட்டினோம். கரப்பை மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் கவிழ்த்து, உள்ளே துணியால் செய்த மீன் ஒன்றை வைத்தோம். மேலே இருக்கும் ஓட்டைக்குள் கையை விட்டால் மீன் கையில் அகப்படும். ஆழமில்லாத தண்ணீரில் கரப்பைக் குத்தி, உள்ளே மாட்டிய மீனை அப்படித்தான் எடுப்பார்கள் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் வரிசைதான்! வீட்டுக்குப் போன பிள்ளைகள் மாலையில் தாத்தாமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

சக்கர நாற்காலியில் வந்த ஒருவருக்கு மேசையின் நடுவில் இருந்த மரைக்கால் தெரியவில்லை. அவர் கேட்கவில்லை, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனார். ஓடிப்போய்க் கூப்பிட்டு, எல்லாவற்றையும் தாழ்ந்த வாங்கு ஒன்றுக்கு மாற்றினோம். 40 அங்குலத்துக்கு மேலே வைத்த பொருளைச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் குட்டையானவர்களும் கீழிருந்துதான் பார்க்க வேண்டிவரும் என்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழிகாட்டியில் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊர்களில் இந்த அளவு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: பொருளைத் தந்தவரின் பெயரை எழுதியிருந்தோம், ஆனால் வந்தவர்கள் கேட்டது “யார் பின்னினது?” என்பதைத்தான்.

தாளும் டேப்பும் தவிர இதற்கு ஒன்றும் செலவாகவில்லை. பெரிய நூதனசாலைகளில் கண்காட்சி தொடங்குமுன் மாதிரிக் குறிப்புகளையும் அட்டைப் பெட்டி மாதிரிகளையும் வைத்து, வருகிறவர்களிடம் சோதித்துத் திருத்துகிறார்கள். நாங்கள் தெரியாமல் செய்ததும் அதுதான். கண்ணாடி வெட்டிப் பலகை அடித்த பிறகு பிழை தெரிந்தால் திருத்த முடியாது. தாளில் தெரிந்தால் அன்றைக்கே திருத்தலாம்.

ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு இன்னும் கூடுதல் யோசனை வேண்டும். சுவடிக்கு வெளிச்சம் 50 லக்ஸ் அளவோடு இருந்தால்தான் நல்லது, கூடினால் ஓலை கெடும். ஆனால் அந்த மங்கலில் வயதானவர்களின் கண்ணுக்கு ஓர் எழுத்தும் பிடிபடாது. சுவடியை மங்கலில் விட்டுவிட்டு, பக்கத்தில் ஓர் ஏட்டின் படத்தைப் பெரிதாக்கி நல்ல வெளிச்சத்தில் வைக்கலாம். கண்ணகை அம்மன் கோயில்களில் பாடுகிற கண்ணகி வழக்குரை ஏடு என்றால், அதைப் பாடத் தெரிந்தவரின் குரலையும் கேட்க விடலாம். வழக்குரையை நம் சனங்கள் காதால்தான் அறிவார்கள்.

ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்து, சடங்கு நடத்தி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு கதவை அடைப்பது நம் வழக்கம். வருடத்தில் சில நாள் மட்டும் வெளியே வரும் பொருளை 365 நாளும் விளக்குப் போட்டுக் காட்டலாமா என்பதை கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பூசை செய்யும் கட்டாடியாரும் ஊராரும் சொல்லட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். சர்வதேச நூதனசாலைகள் பேரவை 2022 இல் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரைவிலக்கணமும் சமூகங்களின் பங்களிப்போடு இயங்குவதையே சொல்கிறது.

என் மனதை மிகவும் உறுத்துவது சுனாமி. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யார் வாழ்க்கைக் கதையைக் காட்ட நினைத்தாலும் 2004 டிசம்பர் 26 ஐத் தவிர்க்க முடியாது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டமே அம்பாறைதான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது ஒரு செய்தி. நாவலடியிலிருந்தோ மருதமுனையிலிருந்தோ வருகிற தாய்க்கு அப்படியல்ல. அவர் திடீரென்று ஒரு மூலையில் திரும்பும்போது அலையின் படம் சுவர் முழுக்க நிற்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த அறைக்குள் போகாமல் சுற்றிப்போக வழி வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்பதை முடிவு செய்யும் மேசையில் பறிகொடுத்தவர்களும் இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மூன்று மொழியில் நீட்டி எழுதினால் சுவர் முழுக்க எழுத்தாகிவிடும், அதனால் ஒவ்வொன்றும் சுருக்கமாக இருக்கட்டும். தமிழ்க் குறிப்பை வேறு மொழியிலிருந்து பெயர்க்காமல், இங்கே புழங்குகிற சொல்லில் நேராக எழுதட்டும். காத்தான்குடி பூர்வீக நூதனசாலையில் ஆளுயர உருவங்களாகவே முஸ்லிம் மக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது.

திறக்கும் நேரமும் முக்கியம். வேலை நாட்களில் மட்டும் திறந்து மாலை நாலரைக்குப் பூட்டினால், கூலி வேலைக்குப் போகிறவர் வரவே முடியாது. படுவான்கரையிலிருந்து வருகிறவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் திரளும் சனத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கொட்டில் போட்டு நாலு பொருளை வைத்துப் பாருங்கள், யார் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நூதனசாலைக்குத் திட்டம் போடுகிற அதிகாரிகள் யாராவது இதை வாசித்தால், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டிகளுக்கு ஓடர் கொடுக்குமுன் உங்கள் குறிப்புகளைத் தாளில் எழுதிக்கொண்டு எங்கள் நூலகத்துக்கு வாருங்கள். மேசைகள் இருக்கின்றன, பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். பெத்தாவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். இந்த முறை அவருக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
வவுணதீவு.