கோவைப் பழைய புகைப்படச் சேகரிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு படித்து ஏற்கப்பட்டது. செயற்குழு முறைப்படி கூடியது. பொங்கலையொட்டி வழக்கமான கண்காட்சி நடந்தது. உலகப் புகைப்பட நாளான ஆகஸ்ட் 19 அன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசித்துளைக் கேமரா செய்து காட்டப்பட்டது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

விவர அட்டைப் பணி

இந்த ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு விவர அட்டைப் பணிக்கே, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஆட்கள், ஆண்டு எழுதி வைக்கும் வேலைக்கே சென்றது. “புதுப் படம் சேர்ப்பதை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று சில உறுப்பினர்கள் கேட்டிருப்பதால் காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் மதுரையிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் எடுத்த படங்களுக்கு இடமும் ஆண்டும் இன்றைக்கும் தெளிவாக இருக்கின்றன. அரசுப் பணியாக எடுத்தார், எடுத்ததைக் குறித்தும் வைத்தார். நம் ஊர்ப் பஞ்சாலைப் படங்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய மில் முதற்கொண்டு ஆலை அலுவலகச் சுவர்களில் தொங்கியவை, தொழிலாளர் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடந்தவை என எத்தனையோ படங்கள் நம்மிடம் வந்துள்ளன. பெரும்பாலானவற்றின் பின்பக்கம் வெறுமை. எந்த மில், எந்தக் கூடம், யார், எப்போது என்று தெரியாத படம் வரலாற்றுக்குப் பயன்படாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். புதுப் படம் அடுத்த ஆண்டும் வரும், அவர்கள் அப்படியல்ல.

பின்பற்றிய முறை இது. படத்தை ஏ3 அளவில் பெரிதாக்கி அச்சிடுகிறோம், ஏனென்றால் பெரியவர்கள் பலருக்குக் கண்புரை. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கிறோம். “இது யாருங்க ஐயா?” என்று முதலிலேயே கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் வாய்க்கு வந்த பெயர் விழுந்துவிடும், பிறகு அதை மாற்றுவது கடினம். முதலில் இயந்திரத்தைக் கேட்க வேண்டும். பஞ்சைப் பிரித்துத் தூசி நீக்கும் புளோ ரூமா, பஞ்சைச் சீவும் கார்டிங்கா, நூல் நூற்கும் ஸ்பின்னிங்கா, நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கா? கூடம் தெரிந்தால் ஷிப்ட் தெரியும், மேஸ்திரி தெரிவார், மேஸ்திரியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ரீலிங்கில் பெரும்பாலும் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள் என்பதால் அந்தப் படங்களை முன்னாள் பெண் தொழிலாளர்களிடமே காட்ட வேண்டும். ஆண்கள் சொன்ன பெயர்கள் பல அங்கே பிழையாகியிருக்கின்றன.

ஒரே பெயரைத் தனித்தனியாக இருவர் சொன்னால் அட்டையில் “உறுதி”, ஒருவர் மட்டும் சொன்னால் “ஊகம்”. சொன்னவர் பெயரும் தேதியும் அட்டையில் ஏறும். குழுப் படத்தில் அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், தரையில் இருப்பவர்கள் என வரிசை பிரித்து, இடமிருந்து வலமாக எழுதுகிறோம். அதற்கு முன்னால் படம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்துப் பிரதி எடுத்தால் இடம் வலமாகிவிடும். பலகை எழுத்து இல்லாத படத்தில் சட்டைப் பையைப் பாருங்கள், அது இடது மார்பில் இருக்க வேண்டும்.

ஆண்டைக் கணிப்பது பற்றியும் உறுப்பினர்களுக்குத் தெளிவு வேண்டும். வெறும் கண்பார்வையில் “நாற்பதுகளில் எடுத்தது” என்று சொல்வதை இனி அட்டையில் ஏற்கமாட்டோம். தடயம் காட்ட வேண்டும். கூரையடியில் நீண்ட தண்டும் அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட்டும் தெரிந்தால் அது ஒற்றை இயந்திரத்தால் ஓடிய பழைய அமைப்பு. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகுதான் இங்கே மில்கள் பெருகின, மோட்டார்களும் வந்தன. ஆனாலும் பழைய தண்டை மோட்டாரில் இணைத்துப் பல காலம் ஓட்டியிருக்கிறார்கள் என்பதால் பெல்ட்டை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. இயந்திரத்தின் முனைத் தகட்டில் வார்த்த எழுத்தைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். பிளாட் பிரதர்ஸ், ஹோவர்ட் அண்ட் புல்லோ, டாப்சன் அண்ட் பார்லோ என்றிருந்தால் இங்கிலாந்து இறக்குமதி. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பெயர் இருந்தால் 1962-க்கு முன் போக வழியே இல்லை, அந்த நிறுவனம் தொடங்கியதே அப்போதுதான்.

தெருப் படங்களில் தடயம் இன்னும் அதிகம். நகர மண்டபம் தெரிந்தால் 1892-க்குப் பிந்தியது. கடைப் பலகையில் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்றிருந்தால் அதற்குப் பின். “சென்னை மாநிலம்” என்ற அரசுப் பலகை 1969 ஜனவரிக்கு முன்னால் வைத்தது. அஞ்சல் குறியீட்டு எண் அச்சிட்ட ஸ்டூடியோ முத்திரை 1972 ஆகஸ்ட் 15-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அரசுப் பலகையில் லை, னை, ணை எழுத்துகள் துதிக்கை வைத்த பழைய வடிவமா, இன்றைய வடிவமா என்று பாருங்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-இல் வந்தது. தனியார் பலகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. பெரியாரின் இதழ்கள் 1930களிலேயே புது வடிவத்தில் வந்தன, பெயிண்டர்களோ ஆணைக்குப் பிறகும் பழைய வடிவத்தையே எழுதிக்கொண்டிருந்தார்கள். சினிமாச் சுவரொட்டி கீழ் எல்லையை, அதாவது எந்த ஆண்டுக்கு முன் எடுத்திருக்க முடியாது என்பதை மட்டுமே தரும். டூரிங் கொட்டகைகளில் படம் வெளிவந்து பல ஆண்டு கழித்தும் ஓட்டினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

தாளையும் பாருங்கள். அட்டையில் ஒட்டிய மெல்லிய தாள், வெளிர்ப் பகுதி மஞ்சளித்திருந்தால் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட அல்புமின் படமாக இருக்கலாம், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு. பின்புறம் “இந்து” (INDU) முத்திரை இருந்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாள். அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-இல். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துத் தாள் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது 1950களுக்குப் பிந்தைய தாள். பழைய படத்தின் மறுபிரதி என்று பல தடவை இதில்தான் தெரியவந்தது. ஒளிராவிட்டால் மட்டும் பழையது என்று முடிவு செய்ய வேண்டாம், அப்படி ஒளிரவைக்கும் பொருளை எல்லாத் தாளிலும் சேர்க்கவில்லை.

ஸ்கேனிங்கும் பாதுகாப்பும்

அச்சுப் படம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), தீப்பெட்டி அளவுச் சிறு படம் 1200, அரைத்தகட்டுக் கண்ணாடி நெகட்டிவ் 1200 என்ற அளவு தொடர்கிறது. அரைத்தகடு நாலேமுக்கால்-ஆறரை அங்குலம். 16 பிட் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்பாக ஒன்று ஏறக்குறைய 89 எம்பி வரும். வன்தட்டு ஏன் நிறைகிறது என்று கேட்டவர்களுக்கு இதுவே விடை. ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதியை வெள்ளி நெகட்டிவுக்குப் போடவே கூடாது. அது அகச்சிவப்பில் வேலை செய்வது, வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால் உருவத்தையே தூசியென்று எண்ணிச் சிதைத்துவிடும். அச்சுப் படத்தை வண்ணத்தில் எடுங்கள், பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள்.

கண்ணாடித் தகட்டின் மங்கலான பக்கத்தில், அதாவது உருவம் படிந்த பக்கத்தில், துணி படக் கூடாது. அந்தக் காலத்து டச்சிங் வேலை பென்சிலிலும் சிவப்பு மையிலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம். உடையாத தகடுகளை நான்கு மடிப்பு உறையிட்டு நீளவாட்டில் நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும். உடைந்ததை மட்டும் படுக்க வைக்க வேண்டும்.

வீடுகளில் மாலையிட்டு மாட்டிய படங்களே மோசமான நிலையில் வருகின்றன. மாலையிலிருந்து வடியும் நீர் சட்டத்துக்குள் இறங்கி, படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. தயவுசெய்து பிரிக்க முயலாதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே படமெடுங்கள். பிசின் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் கொண்ட எண்பதுகளின் ஆல்பத்தில் படத்தை இழுக்காமல், மெழுகில்லாத பல் நூலை (டென்டல் பிளாஸ்) அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் கூடாது. எழுத வேண்டியதை மென்மையான பென்சிலில், பின்புற ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பிலிம் பெட்டியைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால் அது அசிடேட் சிதைவு, அதாவது பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக்கே கெடுவது. அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரிக்க வேண்டும், வெளியேறும் அமில ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.

உறுப்பினர் வருகை, சந்தா

இதைச் சொல்லாமல் அறிக்கை முழுமையாகாது. கண்காட்சித் திறப்பு விழாவில் அரங்கம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அடையாளம் காணும் அமர்வுகளுக்கு வந்தவர்கள் அதே சிலர்தான். நம் உறுப்பினர்களிலேயே மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும் அட்டைகள் இன்னும் “ஊகம்” என்றே நிற்கின்றன. சென்ற ஆண்டு தகவல் தந்த பெரியவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களிடம் காட்டாமல் விட்ட படங்களுக்கு இனி பெயர் கிடைக்குமா என்பது சந்தேகமே. இது செயலாளர் ஒருவரால் ஆகிற காரியம் அல்ல.

சங்கத்தின் பெயரைச் சொல்லி வீடுகளில் வாங்கிய ஆல்பங்கள் சில இன்னும் உரியவர்களிடம் திரும்பவில்லை. கேட்டு வருபவர்களுக்கு அலுவலகத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு படமும் வாங்கக் கூடாது, ஸ்கேன் முடிந்ததும் நேரில் திருப்பித் தர வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. ரசீதிலேயே வெளியிடும் அனுமதிக்கான கையெழுத்தும் வாங்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை முதலில் சேரும் என்பது 1957 சட்டம். குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடும் உரிமை நமக்கில்லை.

படத்தைக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சாதாரணமாக அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடுகிறது, பலகை எழுத்தும் இயந்திரத் தகடும் கரைந்துபோகின்றன. அவசரமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், மூலப்படத்தையும் கொண்டுவாருங்கள்.

சந்தா நிலுவை கணிசமாக உள்ளது. ஓராண்டுக்கு மேல் கட்டாதவர்களும் கண்காட்சிக்கு அச்சுப் பிரதி கேட்கிறார்கள், மனம் நோகாமல் கொடுத்தே வந்திருக்கிறோம். ஒழுங்காகக் கட்டி வருபவர்களின் பணத்தில்தான் அந்தத் தாளும் மையும் வாங்குகிறோம் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

வரவு செலவு

விரிவான கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, சந்தாவும் நன்கொடையும் வரவு. உறைகள், வன்தட்டு, ஸ்கேனர் பராமரிப்பு, மண்டப வாடகை ஆகியவை செலவு. முந்தைய ஆண்டு இருப்பிலிருந்து ஓரளவு எடுக்க நேர்ந்தது. தணிக்கையாளர் குறிப்புகளுக்குப் பதில் தரப்பட்டுள்ளது.

நன்றி

வழிகாட்டிய தலைவருக்கும், பொருளாளருக்கும், இடம் தந்த மண்டப நிர்வாகத்தாருக்கும், ஆல்பங்களை நம்பிக் கொடுத்த குடும்பங்களுக்கும், அட்டை எழுதிய கல்லூரி மாணவிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு

மில் கூடங்கள் முடிந்ததும் வீட்டு வாழ்க்கையைக் காட்டும் பழைய படங்களுக்கு அட்டை எழுதத் திட்டம். திருமணம், சீர், ஸ்டூடியோத் திரை முன் எடுத்த குழந்தைப் படங்கள், சந்தை, உரல், 1955-ஐ ஒட்டி நம் ஊரில் உருவான வெட் கிரைண்டர் வரை. அதற்கு முன் பழைய ஸ்டூடியோக்களைப் பார்க்க வேண்டும். கடை மூடும்போது நெகட்டிவை வெள்ளிக்காக எடைக்குப் போடுகிறார்கள், கண்ணாடித் தகட்டைச் சுரண்டி வெறும் கண்ணாடியாக விற்றுவிடுகிறார்கள். உங்கள் பகுதியில் ஸ்டூடியோ மூடப்போவதாகக் கேள்விப்பட்டால் அன்றே தெரிவியுங்கள், எடைக்கடை தரும் விலையையாவது நாம் தர முடிய வேண்டும். அதற்கென்று தனி நிதி ஒன்று வேண்டும், இயன்றவர்கள் தொடங்கிவைத்தால் செயற்குழு நன்றியோடு ஏற்கும்.

இரண்டாவது ஸ்கேனர் ஒன்றும் அவசியமாகிறது. இப்போதுள்ளதில் எட்டு-பத்து அங்குலத்துக்கு மேல் கண்ணாடித் தகடு வைக்க முடியாது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு உறுப்பினர் முன்வந்தால் முழு ஒத்துழைப்பு தரப்படும். யார் ஏற்றாலும் ஞாயிறு அமர்வுக்கு நான்கு பேராவது நிரந்தரமாக வேண்டும். பெயர் தர விரும்புபவர்கள் இன்றே வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிச் செல்லுங்கள். சந்தா நிலுவையைப் பொருளாளர் வாசலருகே பெற்றுக்கொள்வார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்