ஃபெலோவை ஊட்டியில் அல்ல, கூடலூரில் அமர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக இளம் வழக்கறிஞர்களுக்கு அளிக்கப்படும் சட்ட ஃபெலோஷிப் (அதில் தேர்வாகிறவரே ஃபெலோ) பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அதில் சொல்லப்பட்ட ஏற்பாடு சென்னைக்குச் சரி. நீலகிரிக்கு அப்படியே எடுத்துவந்தால் பயன் குறைவு. உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் திறனை முதல் தகுதியாக வைத்திருக்கிறார்கள். இங்கே பலருடைய விவகாரம் நீதிமன்றத்தை எட்டுவதே இல்லை, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 40 விழுக்காடு குறைபாடு என்பதுதான் வாசற்படி. இடஒதுக்கீடு போன்ற முக்கியமான உரிமைகள் அதைத் தாண்டியவர்களுக்கே. 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, விண்ணப்பம் வந்த 3 மாதத்துக்குள் மருத்துவ அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். 2 ஆண்டுகள் முடிவே எடுக்காமல் கிடந்தால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். அலைந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் விண்ணப்ப எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, 3 மாதம் முடிந்த மறுநாளே நினைவூட்டுக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்ப ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். "கிடையாது, போங்க" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுத முடியாது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள். பந்தலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தாலுகா அலுவலகம், மருத்துவமனை, ஊட்டி என்று அலைந்து முடிப்பதற்குள் அது கடந்துவிடும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஃபெலோவின் மேசை கூடலூரில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பணியர், இருளர், குறும்பர் மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று. 40 விழுக்காடு சான்று கிடைத்தால் பிரிவு 32இன் கீழ் உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீடும் வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. ஆனால் அரசு வேலைக்கான 4 விழுக்காட்டைத் தரும் பிரிவு 34இல் ரத்தம் சார்ந்த குறைபாடுகள் சேர்க்கப்படவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், "அட்டை வாங்கினா வேலை கிடைக்கும்" என்று முகாம்களில் சொல்லிவிடுகிறார்கள். பையன் வேலைக்கு மனு போட்டுப் போட்டுக் களைத்துப்போகிறான், கல்லூரி ஒதுக்கீடு கைநழுவிப் போகிறது. நோயின் தீவிரம் மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால் சான்றைக் காலவரம்புடன்தான் தருவார். அது காலாவதியாகும் தேதியையும் நோட்டில் எழுத வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் சிக்கல் வேறு. பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் மாற்றுப்பணி தர வேண்டும் என்கிறது அதே 2016 சட்டத்தின் பிரிவு 20(4). அது அரசு நிறுவனங்களுக்கான பிரிவு. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அதற்குள் வரும், தனியார் எஸ்டேட் வராது. தனியார் தோட்டத் தொழிலாளி வேலையிட விபத்து இழப்பீடு கேட்கும் வழியில்தான் போக வேண்டும். எந்தத் தோட்டமானாலும் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தொழிலாளி சட்ட ஆலோசனை கேட்டாக வேண்டும். போட்ட பிறகு வாதாடுவது பெரும்பாடு.

சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கேட்டு மனு எழுதும் புதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1:12 என்ற சரிவுக்கு மூன்றடி உயரத் திண்ணைக்கு 36 அடி நீளம் வேண்டும், நடுவில் திரும்பும் மேடை தனி. மலைச்சரிவில் உள்ள பல அலுவலகங்களில் அதற்கு இடமே இராது. அவசரத்தில் செங்குத்தாக ஒன்றைக் கட்டி "கட்டிவிட்டோம்" என்று பதில் எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சாலை மட்டத்திலேயே மனு வாங்கும் மேசையைக் கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதையும் சட்டம் 'நியாயமான வசதி' என்றே ஏற்கிறது.

இதற்கெல்லாம் முதல் வழி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு. அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆணையர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை 3 மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் நடக்காதபோதுதான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நீலகிரிக்கு அது சென்னை அமர்வு. செலவும் அலைச்சலும் அங்கேதான். வழக்கு என்று வந்துவிட்டால் மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தர 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. ஃபெலோவின் வேலை அதற்கு முந்தைய காகித வேலை. இதை மட்டமாக நினைப்பவர் இங்கே வர வேண்டாம்.

ஃபெலோஷிப் நடத்துவோர் இரண்டு விஷயங்களில் தவறுகிறார்கள். முதலாவது பணம். பார் கவுன்சில் விதி 49இன்படி, முழுநேரச் சம்பள ஊழியராகிவிட்டவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. எனவே நியமன ஆணையில் 'சம்பளம்', 'பணியாளர்' என்று எழுதாமல் மதிப்பூதியம் என்றே எழுதி, ஒரு மூத்த வழக்கறிஞரின் கீழ் இணைக்க வேண்டும். கிராமப்புற ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024இல் பரிந்துரைத்தது. மலையில் பஸ், ஜீப் செலவுக்கு அதற்கு மேல் தனித் தொகை வேண்டும். இரண்டாவது காலம். ஃபெலோஷிப் ஓராண்டில் முடியும், வழக்கு முடியாது. வக்காலத்தில் முதல் நாளே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்சிக்காரர் ஆளில்லாமல் நிற்பார்.

பார்வையற்ற வழக்கறிஞர்களும் இதற்கு விண்ணப்பிப்பார்கள், விண்ணப்பிக்க வேண்டும். அவர்களுக்கு உதவியாளர் ஊதியத்தைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். விண்ணப்பப் படிவத்தை யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்பினால் திரை வாசிப்பு மென்பொருள் அதைப் பொருளற்ற எழுத்துக் குவியலாகத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த படமாக அனுப்பினால் ஒன்றுமே படிக்காது. யூனிகோடில் தட்டச்சிட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்