செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

நம் இருளர் சங்கத்தின் தலைவர் அண்ணன், பொருளாளர் அக்கா, செயற்குழு உறுப்பினர்கள், இன்றைய கூலியை விட்டுவிட்டு ஏரிக்கரையிலிருந்தும் காலனியிலிருந்தும் வந்திருக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் இதே மரத்தடியில் அறிக்கை படித்தேன். எத்தனை மனு, எத்தனை கூட்டம், எத்தனை பேருக்குச் சாதிச் சான்று என்று வரிசையாகப் படித்துவிட்டு உட்கார்ந்ததும், பின்னால் இருந்த பாட்டி ஒருத்தர், "எல்லாஞ் சொன்ன, அடிச்சத மட்டும் சொல்லலியேம்மா" என்றார். கைதட்டி முடித்துக் கலைந்துவிட்டோம். கொத்தடிமையாக இருந்த இடத்தில் நம் ஜனம் வாங்கிய அடியைத்தான் சொன்னார். அந்தச் சொல் வருஷம் முழுக்க என்னோடு வந்தது. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பங்கு அதற்குத்தான். மற்ற கணக்குகள் சுருக்கமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கூடவில்லை. ஃபெஞ்சல் புயலில் நம்மவர் குடிசைகளில் தண்ணீர் நின்றபோது யாரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது? பிப்ரவரி 9 அன்று கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு தின உறுதிமொழிக்குப் போனோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் ஒப்புதல் பெற்ற நாள் அது. கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம், டீயும் பன்னும் கொடுத்தார்கள். நம் பக்கத்திலிருந்து வந்த பத்துப் பேரில் ஏழு பேர் அதே சட்டத்தின் கீழ் விடுதலைச் சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களையும் சேர்த்து, "கொத்தடிமை முறையை ஒழிப்பேன்" என்று சொல்ல வைத்தது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் அரிசி மில் ஒன்றிலிருந்து மூன்று குடும்பங்கள் விடுதலையானார்கள். கோட்டாட்சியர் விசாரணைக்கு நானும் போயிருந்தேன். முன்பணம் எவ்வளவு, கூலி எவ்வளவு, வெளியே போக விட்டார்களா, வேறு இடத்தில் வேலை செய்ய விட்டார்களா என்று கேட்டார்கள். சரியான கேள்விகள்தான். முன்பணம் கொடுத்து இதில் ஒன்றைப் பறித்தாலும் சட்டப்படி அது கொத்தடிமை முறை. அடித்ததை நிரூபித்தால்தான் விடுதலை என்று இருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்னும் களத்தில்தான் கிடந்திருப்போம். ஆனால் அந்தக் காரணத்தாலேயே அடிக்கு ஃபாரத்தில் இடமில்லாமல் போகிறது. கடைசியில் ஒரு கேள்வி, அதுவும் எல்லார் முன்னாலும்: "அடிச்சாங்களா?" குடும்பத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "இல்லீங்கய்யா" என்றார். எழுத்தர் "இல்லை" என்று எழுதினார்.

மறுநாள் நம் சங்கக் கொட்டகையில் அவர் சம்சாரம் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னது: "அடிலாம் இல்லக்கா. கை வெப்பாங்க. ஒருநாள் கழுத்தப் புடிச்சி சுவத்துல தள்ளுனாங்க, அவ்ளோதான்." அவர் வீட்டுக்காரருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி அறைந்ததிலிருந்து என்றார்.

நம் ஜனத்துக்கு ரத்தம் வந்தால்தான் அடி. மற்றதெல்லாம் "கை வெச்சாங்க", "தட்டுனாங்க", "ரெண்டு போட்டாங்க". நானும் பத்து வயசிலிருந்து பதினெட்டு வயசு வரை மில்லில் நெல் அவித்தவள்தான். விடுதலையான அன்று என்னைக் கேட்டபோது நானும் இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அதற்கு அடி என்று பேர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

இந்த மூன்று குடும்பத்தில் ஒரு சிறுவன், நாலு வயசு. வலது கால் பாதம் முழுக்கச் சுருங்கிய தோல். மில் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாய்லருக்கு உமி போட்டு எரித்த சாம்பலை வெளியே குவிப்பார்கள். மேலே பார்த்தால் ஆறிக் கிடக்கும், உள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அம்மா களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள், பிள்ளை ஓடிப்போய்க் குவியலில் கால் வைத்துவிட்டான். காலை பத்து மணிக்கு நடந்தது. நெல் காய்ந்து அள்ளி முடியும் வரை, சாயங்காலம் வரை, அவளைக் களத்தை விட்டு நகர விடவில்லை. பிள்ளையின் காலில் பேஸ்ட் தடவி நிழலில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. அதனால் ஏ.ஆர். என்ட்ரியும், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் பதிவும், இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைதான்.

இதை விபத்து என்கிறார்கள். சாம்பலில் கால் பட்டது விபத்து. பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை நடந்தது விபத்து இல்லை.

அந்தக் குடும்பத்தின் முன்பண நோட்டை விசாரணையில் கைப்பற்றினார்கள். அதில் ஒரு வரி: "பையன் கால் மருந்து 350." கடனோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நடந்த கொடுமைக்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி ஓனர் எழுதிய கடன் கணக்கு. சர்க்கார் ஃபாரத்திலும் இல்லை, நம் சங்கத்து மினிட் புத்தகத்திலும் இல்லை. ஓனருக்கு ஒரு நோட்டு இருந்தால் நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்று ஆகஸ்ட் செயற்குழுவில் பேசி, இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம்.

நோட்டில் எழுதும் முறையைப் பழகவே மூன்று மாதம் ஆனது. முதலில் "அடித்தார்களா" என்று கேட்பதை நிறுத்தினோம். "ராத்திரி எப்படி எழுப்புவாங்க?", "உடம்பு சரியில்லன்னா என்ன சொல்வாங்க?", "ஊருக்குப் போகணும்னு கேட்டா?" என்று கேட்டோம். வந்து கொட்டியது. ராத்திரி ஒரு மணிக்கு நெல் அவிக்க எழுப்ப, தகரக் கதவில் இரும்புக் குழாயால் அடிப்பார்களாம். விடுதலையாகி ஏழு மாதம் ஆன பிறகும் ஒருத்தி, பக்கத்து வீட்டில் குண்டான் உருண்டால் எழுந்து தலைமுடியை முடிந்துகொண்டு நிற்கிறாள். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது என்கிறாள்.

மாசி மகத்துக்கு நம் இருளர் ஜனம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கன்னியம்மாவைக் கும்பிடுவது யாருக்கும் புதிதில்லை. ஒரு தம்பதி மூன்று வருஷம் போகவில்லை. நாலாம் வருஷம் கெஞ்சிக் கேட்டதற்கு, பெரிய பெண்ணை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம். பெண்ணுக்குப் பதினொரு வயசு. போகாமல் இருந்துவிட்டார்கள். இதில் யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. இதை நோட்டில் எழுதலாமா என்று செயற்குழுவில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பொருளாளர் அக்கா, "புள்ளைய அடமானம் கேட்டவன் எழுதக் கூச்சப்படல, நாம ஏன் கூச்சப்படணும்?" என்றார். எழுதினோம்.

நோட்டில் உள்ள சில பக்கங்களை இங்கே படிக்க மாட்டேன். பெண்கள் பெண்களிடம் மட்டும் சொன்னவை அவை. அந்தப் பக்கங்களைப் பின் அடித்து மூடி வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் சங்கத்தின் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜூலை 30, ஆட்கடத்தலுக்கு எதிரான உலக நாள். நாமும் கூட்டம் போட்டோம். விருந்தினர்கள் முன்னால் நம் பெண் ஒருத்தியை மைக்கில் பேச வைத்தோம். அவள் மாட்டேன் என்றாள், நான்தான் "தைரியமா பேசு" என்று தள்ளினேன். பாதியில் நின்றாள், அழுதாள், யாரோ போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படம் அவள் புகுந்த வீட்டுக்குப் போய், அவள் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருக்க வேண்டியதாயிற்று. மில்லில் ஒருமுறை பட்டதை நாம் மேடையில் இன்னொரு முறை படவைத்தோம். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இனி எந்தக் கூட்டத்திலும் யாரையும் தன் கதையைச் சொல்லக் கேட்பதில்லை என்று செப்டம்பரில் தீர்மானம் போட்டிருக்கிறோம். விருந்தினருக்குக் கதை வேண்டுமானால் சட்டத்தைப் படிக்கட்டும்.

சட்டம் என்றதும் ஒரு சொல் பற்றி. "ஆள்கடத்தல்" என்றாலே காரில் வாயைப் பொத்தித் தூக்கிப் போவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு காவல் நிலையத்தில் எங்களைக் கேட்டதும் அதுதான்: "அவங்களாத்தானே வண்டி ஏறிப் போனாங்க, இதுல கடத்தல் எங்க வந்துச்சு?" பழைய தண்டனைச் சட்டத்தில் 370-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் 143-ஆம் பிரிவு. ஏமாற்றியோ, மிரட்டியோ, பணம் காட்டி ஆசைகாட்டியோ சுரண்டலுக்காக ஆளைக் கூட்டிப்போனாலும் அது ஆட்கடத்தல்தான். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. முன்பணம் பத்தாயிரத்தைக் கையில் திணித்து வேனில் ஏற்றியதுதான் கடத்தல். நம் இளைஞர் இருவர் இந்தப் பிரிவைத் தமிழில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை அதே நிலையத்தில் அது வேலை செய்தது. பழங்குடியினரைக் கொத்தடிமை வேலை வாங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்) பிரிவும் வரும் என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் சேர்த்திருக்கிறோம்.

ஜனவரியில் செங்கல் சூளை ஒன்றில் ஒடிசா பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் பற்றித் தகவல் வந்தது. அவர்கள் நம் சங்கத்து ஜனம் இல்லை என்று ஒருவர் சொன்னார். நான் கோபப்பட்டுவிட்டேன், அதற்கும் வருத்தம் தெரிவிக்கிறேன். மொழி தெரியாத இடத்தில் அடி இரண்டு மடங்கு. யாரிடம் சொல்வது? அவர்கள் ஊர் அறுவடைப் பண்டிகையான நுவாக்காய் சமயத்தில் ஊரில் கையில் பணம் கொடுத்து, சீசனுக்கு ரயிலேற்றிவிடுகிறார்கள். அந்தப் பெண் பேசியது எங்களுக்குப் புரியவில்லை. கதவைக் காட்டினாள், பிறகு கையில் குழாய் பிடித்த மாதிரி வைத்துத் தகரத்தில் தட்டிக் காட்டினாள். நம் பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் மறுநாள்தான் வந்தார்.

விடுதலைக்குப் பிறகும் கொடுமை நிற்பதில்லை. மேஸ்திரி போன் போட்டு, "பாக்கிய எப்பக் கட்டுவ?" என்கிறார். சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போன கடன். இருந்தாலும் போன் அடித்தால் கை நடுங்குகிறது. இரண்டு குடும்பத்துக்கு எண் மாற்றிக் கொடுத்தோம். அடுத்தது, சொல்லச் சங்கடமானது: மில்லில் அடி வாங்கிய ஆண்கள் சிலர் வீட்டில் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மேஸ்திரி பேசிய அதே வார்த்தை. இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம், நேராகக் கேளுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுவது எப்படி என்று நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்த எண் மில் ஓனருக்கு மட்டும் இல்லை.

நிவாரணம் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். விடுதலையானவுடன் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. மொத்த மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆட்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால் இழுக்கிறது. இங்கேதான் அந்த "இல்லை" என்ற ஒரு சொல் பணமாகவும் வலிக்கிறது. நடந்தது எழுதப்படாததால் 3 லட்சத்துக்கு உரியவள் 2 லட்சத்துப் பட்டியலில் போய்விடுகிறாள். மூன்று குடும்பத்தில் இரண்டுக்கு உடனடி உதவி வந்துவிட்டது. மூன்றாவதுக்கு வங்கிக் கணக்கில் பெயர் எழுத்துப் பிழையாம், நாலு மாதமாக ஒரு "ள"வுக்கும் "ல"வுக்கும் அலைகிறோம். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். ஆட்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடலாம்.

காது கேளாத அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துக் கூடுதல் வாக்குமூலம் கொடுக்க மனு போட்டிருக்கிறோம், தேதி வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாகப் படிப்பார். சந்தாப் பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் கட்டிவிடுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாட்டி தை மாதம் தவறிவிட்டார். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். அவர் சொன்னதையும் நோட்டில் எழுத வேண்டும் என்று இரண்டு முறை போனேன். முதல் முறை விறகுக்குப் போயிருந்தார், இரண்டாம் முறை நான் போக நேரமாகிவிட்டது.

அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு கோரிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். விசாரணையின்போது பெண்களைத் தனியாக, பெண் ஒருவர் முன்னால் கேட்க வேண்டும் என்று கோட்டாட்சியருக்கு மனு கொடுக்கத் தீர்மானம் தேவை. கை தூக்கி ஒப்புதல் தரவும். நோட்டு தகரப் பெட்டியில் இருக்கிறது, சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று பொருளாளரிடம். ஏதாவது எழுத வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் வாருங்கள், அங்கே பெண்கள் மட்டும் இருப்பார்கள். ஆண்களுக்கு நாளைக் காலை.

செயலாளர்