மோதிரத்த அவனால தூக்கிப் போட முடியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பேய்ப் படம், சாத்தான் படம் இதுல மட்டும்தான் தீமைய காட்டுறாங்கன்னு எங்க சர்ச்சுல நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அது சரியா படல. 2001ல இருந்து 2003 வரைக்கும் மூணு பாகமா வந்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்த எடுத்துக்கோங்க, கதைய எழுதின டோல்கீன் கத்தோலிக்கர், அதுல சோதனை கொம்பு வச்சுக்கிட்டு வரல, வச்சிருக்கிறவங்க மனச கெடுக்குற ஒரு மந்திர மோதிரமா வருது, அத நெருப்பு மலையில போட்டு அழிக்கணும்ங்கிறதுதான் கதை. அத அழிக்கக் கிளம்புற கூட்டத்துல ஒருத்தனான போரோமிர் கெட்டவனே இல்லைங்க, தன் ஜனங்கள காப்பாத்தணும்னுதான் மோதிரத்துக்கு ஆசப்படுறான், அந்த நல்ல எண்ணத்து வழியாவே அது உள்ள பூந்துடுது. பைபிள்ல யாக்கோபு நிருபத்துல அவனவன் சுய இச்சையினாலே இழுக்கப்படுறான்னு இருக்குல்ல, அதேதான்.

என்னை ரொம்ப உலுக்கினது கிளைமாக்ஸ் சீன். மோதிரத்த சுமந்துக்கிட்டு அவ்வளவு கஷ்டப்பட்டு நெருப்பு மலை வரைக்கும் வந்த ஹீரோ ஃப்ரோடோ, இது என்னோடதுன்னு சொல்லி விரல்ல மாட்டிக்கிறான், தோத்துட்டான்! அவன் முன்னாடி கொல்லாம இரக்கப்பட்டு விட்டு வச்ச, அதே மோதிரத்துக்கு அடிமையான கோல்லம்தான் விரலோட கடிச்சுப் பிடுங்கி, மோதிரத்தோட நெருப்புல விழுறான். ஹீரோவோட பலத்தால ஜெயிக்கல, காட்டின இரக்கம்தான் காப்பாத்துது. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்"னு சின்ன வயசுல இருந்து சொல்ற ஜெபத்த அன்னைக்கு ராத்திரி நிறுத்தி நிதானமா சொன்னேன், கண்ணு கலங்கிடுச்சு.

உங்க சினிமா பக்கத்துல வசூல், ஸ்டார் ரேட்டிங்கோட இந்த மாதிரி விஷயமும் எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை