தூளியிலிருந்து பாய்க்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே இருக்கு, வீட்டுல ஒருத்தரும் தூங்கல" என்று கைக்குழந்தைக்காரர்கள் புலம்பினால், சேலத்தில் உடனே கிடைக்கும் யோசனை இரண்டு. தூளியை இன்னும் வேகமாக ஆட்டு. இல்லாவிட்டால் உரை மருந்தில் ஜாதிக்காயை இரண்டு இழைப்பு கூட்டிக் கொடு. இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

ஜாதிக்காய் விஷயம் சின்னது, முதலில் முடித்துவிடலாம். கல்லில் இழைக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது. அளவு கூடினால் வருவது தூக்கமல்ல, மயக்கம். கசகசாப் பால் அதைவிட மோசம்; அபினிச் செடியின் விதை அது, சிசுவின் மூச்சையே மந்தப்படுத்தக்கூடும். தூங்கவைப்பதற்காகச் சளி சிரப் கொடுப்பதும் இதே கணக்குதான். ஒரு வயது வரை தேனும் கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் போதும்.

தூளிக்கு வருவோம். இதை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய பருத்திப் புடவை, விட்டத்தில் உறுதியான கொக்கி, துணி மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு கட்டை, கீழே மெத்தென்ற விரிப்பு, தரையிலிருந்து ஓரடிக்கு மேல் போகாத உயரம்: இவ்வளவும் இருந்து, பக்கத்தில் விழித்திருக்கும் ஒருவரும் இருந்தால் பகலில் கொஞ்ச நேரம் அமர்த்த அது உதவும். சிக்கல் இரவு முழுக்க அதிலேயே விடுவதில்தான். வளைந்த துணியில் தலை முன்னால் சாய்ந்து முகவாய் நெஞ்சில் அழுந்தும். கழுத்து நிற்காத குழந்தைக்கு மூச்சுக்குழல் மடங்கிவிடும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடமில்லை என்றால் அந்தக் கணமே வெளியே எடுக்க வேண்டும். புரளவோ எழும்பவோ பார்க்கும் குழந்தைக்குத் தூளியே கூடாது.

அடிக்கடி விழிப்பதற்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு. குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மேலெழுந்து லேசாகும். அப்போது, கண் மூடும்போது என்ன இருந்ததோ அதையே தேடும். ஆட்டத்தில் தூங்கியது ஆட்டத்தைக் கேட்கும். தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு அம்மா அரைத்தூக்கத்தில் விடியவிடிய இழுப்பது அதனால்தான். (அந்தக் கயிறு குழந்தையின் கழுத்தில் சுற்றும் ஆபத்தும் கூடவே இருக்கிறது.)

அழவிட்டுப் பழக்கத் தேவையில்லை. இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள். அப்போதுதான் அசதி அதிகம், எதிர்ப்பு குறைவு. நான்கைந்து நாள் வழக்கம்போல ஆட்டி, கண் செருகும்போது கையை எடுத்துவிடுங்கள். அசையாத தூளியில் தூங்கட்டும். தூங்கியதும் தூக்காதீர்கள். முதல் இருபது நிமிடம் இமை துடிக்கும், முகம் சுளிக்கும், விரல் இறுகியிருக்கும். கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழுகிறதா, அதுதான் நேரம். பாயில் முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை படும்படி மல்லாக்கக் கிடத்துங்கள். தலையை முதலில் வைத்தால் விழுவதுபோல் அதிர்ந்து இரு கையையும் விரித்துக்கொண்டு அலறும். அதன்பின் தூளியை விட்டுவிட்டு நேராகப் பாயிலேயே, ஆட்டிய அதே தாளத்தில் தொடையைத் தட்டுங்கள். அழுதால் தூக்கி, அமர்ந்ததும் மறுபடி கிடத்துங்கள். தட்டுவதை மெல்ல மெல்லக் குறைத்து, கையை மட்டும் வைத்திருந்தால் போதும் என்றாக்கலாம். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இடையில் காய்ச்சலோ ஊர்ப்பயணமோ வந்தால் பின்னுக்குப் போவது சகஜம். தலையணை, இலவம்பஞ்சு மெத்தை, கனமான போர்வை எதுவும் பாயில் வேண்டாம்.

நேரம் இன்னொரு பக்கம். ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கி, காலை 6.30-க்கு எழும் குழந்தை இரவு 8.30-க்குத் தூங்கினால் மொத்தம் 12 மணி நேரம் வரும். நம் வீடுகளில் கடையடைத்து அப்பா வரும் பத்து மணிக்குத்தான் கொஞ்சலே ஆரம்பம். அசதி மிஞ்சிய குழந்தை சொக்கி விழாது, துள்ளும். அப்பாவுக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். இந்த வயதில் செல்போன் வேண்டவே வேண்டாம். பூச்சாண்டியும் வேண்டாம், பயந்து கண்ணை மூடுவது தூக்கமாகாது.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் ஒன்றைக் கவனிக்கலாம். சத்தம் ஒரே சீராக இருக்கும்வரை தூங்கும் குழந்தை, கரன்ட் போய்த் தறி நின்றதும் விழித்துக்கொள்ளும். அதற்காகத் தறிக்கூடத்திலேயே தூளி கட்டுவது காதைக் கெடுக்கும். குரலை உயர்த்திப் பேச வேண்டிய இடம் குழந்தை தூங்கும் இடமல்ல. இடையில் ஒரு சுவராவது இருக்கட்டும்.

சித்திரை வெக்கையில் மெல்லிய பருத்திச் சட்டை, சுவரைப் பார்த்துத் திருப்பிய ஃபேன் போதும். ஏற்காட்டில் கதவைச் சாத்திக் கரிக்கங்கு வைத்துக் குளிர்காய்வது உயிருக்கே ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பெரியவர்களைவிட ஓர் அடுக்குத் துணி கூடுதலாகப் போட்டு, தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். சூடு பார்க்கக் கையைத் தொடாமல் பிடரியைத் தொடுங்கள். வியர்த்திருந்தால் துணி அதிகம்.

இவ்வளவுக்கும் அடங்காமல் இரவெல்லாம் காலை உதைத்துப் புரளும் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், பரிசோதியுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் தரும் அரசுத் திட்டம் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். தினமும் குறட்டை, வாயால் மூச்சு என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலோ, எழுப்பியும் பாலுக்கு விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். எந்த உரை மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலச் செவிலியர் ஒருவர்,
சேலம்.