நெட்வொர்க் இல்லாத கணினியிலிருந்தும் கோப்புகளை எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அலுவலகக் கணினிகளில் தங்கிவிட்ட கணக்குகள், கடிதங்கள் பற்றித் தங்கள் கணினி இணைப்பில் வந்த கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் நெட்வொர்க்கும் யு.எஸ்.பி.யும் இல்லாத கணினியிலிருந்து கோப்பை எடுக்க ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று அது முடித்திருப்பது சரியல்ல. பின்பக்கத்தில் ஒரு சீரியல் போர்ட் (தரவைப் பிட் பிட்டாகக் கேபிளில் அனுப்பி வாங்கும் இணைப்பு) இருந்தால் வழி உண்டு. அதன் வழியாகக் கோப்புகளை அனுப்பி வாங்கும் மென்பொருளின் பெயர் கெர்மிட்.

டிஸ்க் ஐ.டி.இ. (1990களில் பரவலான டிஸ்க் இணைப்பு) வகையாக இருந்தால் கழற்றி ஒரு யு.எஸ்.பி. மாற்றியில் மாட்டிப் படித்துவிடலாம். அதில் கட்டுரையாளரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 1980களின் எக்ஸ்.டி., ஏ.டி. வகை பி.சி.களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய எம்.எஃப்.எம். வகை டிஸ்க்குகளே இருந்தன. அவற்றில் எழுதும் முறை டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் கார்டைப் பொறுத்து மாறும். எழுதிய கார்டை விட்டு வேறு கார்டில் மாட்டினால் படிக்காமல் போவது சகஜம். இன்று கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. மாற்றிகளில் அந்த டிஸ்க்குக்கான இணைப்பே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கலைக்காமல், ஓடவிட்டே கோப்பை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கெர்மிட் பிறந்ததே இந்த மாதிரித் தேவைக்குத்தான். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் கணினி மையத்தில் 1981இல் ஃபிராங்க் ட குரூஸும் பில் கேட்சிங்ஸும் இதை வடிவமைத்தார்கள். டெக்-20 பெருங்கணினியில் மாணவர்களுக்குக் கிடைத்த டிஸ்க் இடம் சொற்பம். செய்த வேலையை ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒருபக்கம் சி.பி./எம். இயங்குதளத்தில் ஓடும் மைக்ரோ கணினி, மறுபக்கம் டெக்-20, போதாக்குறைக்கு ஐ.பி.எம். மெயின்ஃபிரேம். ஐ.பி.எம்.மின் எழுத்துக் குறியீடே வேறு. வழியில் இருக்கும் கருவிகள் கட்டுப்பாட்டு எழுத்துகளை (அச்சில் தெரியாத, கருவிகளுக்குக் கட்டளையாகும் எழுத்துகளை) விழுங்கிவிடும். ஒவ்வொரு எழுத்தின் எட்டாவது பிட்டும் தப்பிப் பிழைக்கும் என்று நம்பவும் முடியாது.

அதனால் கோப்பைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் அச்சில் தெரியும் எழுத்துகளாக மாற்றியே அனுப்பினார்கள். தொடக்கத்தில் அடையாளமாக ஒரு கன்ட்ரோல்-ஏ எழுத்து, பிறகு நீளம், வரிசை எண், வகை, தரவு, கடைசியில் சரிபார்ப்பு. நீளமும் ஒரே ஒரு அச்செழுத்தாகத்தான் போகும். நீளத்தோடு 32ஐக் கூட்டினால் வரும் எண், அச்செழுத்துகளின் கடைசி எண்ணான 126ஐத் தாண்டக்கூடாது என்பதால் ஒரு பாக்கெட்டின் உச்ச நீளம் 94. கட்டுப்பாட்டு எழுத்து வந்தால் முன்னால் ஒரு '#' சேர்ந்து சாதாரண எழுத்தாக மாறிப் போகும். மறுமுனை சரி என்று பதில் சொன்னால் அடுத்தது, இல்லையென்றால் அதே பாக்கெட் மறுபடியும். நீளப் பாக்கெட்டுகளும், பதிலுக்குக் காத்திராமல் பல பாக்கெட்டுகளை அனுப்பும் வசதியும் பின்னால் சேர்ந்தவை. கெர்மிட் மெதுவானது என்ற பழைய பெயர் அவை வருவதற்கு முந்தைய பதிப்புகளால் வந்தது. இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாக் கணினியிலும் ஓடும் நிரலை எழுதுவதைவிட, அதை வாங்கிக்கொள்ள எதுவுமே இல்லாத கணினிக்குள் முதல்முறை எப்படி நுழைப்பது என்பதுதான் பெரிய சிக்கல். கொலம்பியா காந்த நாடாக்களில் மூல நிரலைப் பதிந்து அனுப்பியது. எந்த இயங்குதளத்திலும் இடிக்காதபடி கோப்புப் பெயர்களைச் சுருக்கி வைத்தார்கள். சி மொழியில் எழுதிய சி-கெர்மிட்டின் மூலக் கோப்புகள் எல்லாம் 'சி.கே.' என்று தொடங்கும். மூன்றாவது எழுத்து 'சி' என்றால் எல்லாவற்றுக்கும் பொது, 'யு' என்றால் யூனிக்ஸ், 'வி' என்றால் வி.எம்.எஸ். சி.பி./எம். கணினிகளுக்குப் பொதுப் பகுதி ஒரு ஹெக்ஸ் கோப்பு (நிரலைப் பதினாறடிமான எண்களாக எழுதிய உரைக் கோப்பு), அந்தந்த மாடலுக்கான பகுதி இன்னொரு ஹெக்ஸ் கோப்பு; இரண்டையும் இணைத்தால் நிரல் தயார். பழைய பி.சி.களின் டாஸ் இயங்குதளத்துக்கு 'பூ' (BOO) கோப்பு என்று ஒன்று உண்டு: நிரலின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு அச்செழுத்துகளாக மாறியிருக்கும். கூடவே வரும் சிறு பேசிக் நிரல் அதைத் திரும்ப நிரலாக்கும். இந்த 'பூ' கோப்பு இன்றும் கைகொடுக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பழைய கணினியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 3.1 என்றால் அதிலுள்ள டெர்மினல் நிரலுக்கே கெர்மிட் தெரியும். விண்டோஸ் 95 முதல் எக்ஸ்.பி. வரை ஹைப்பர்டெர்மினலும் அப்படியே. இவற்றில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. வெறும் டாஸ் என்றால் ஃபிளாப்பி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மூன்றரை அங்குல டிரைவ் என்றால் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவில் எம்.எஸ்.டாஸ் கெர்மிட் 3.14ஐ எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஐந்தே கால் அங்குல டிரைவ் மட்டும் உள்ள கணினிதான் உண்மையில் தொல்லை. அதற்குள் கேபிள் வழியாகத்தான் நிரலை ஏற்ற வேண்டும்.

கேபிளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒன்பது பின் போர்ட்டில் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். இருபத்தைந்து பின் போர்ட்டில் 2 அனுப்புவது, 3 வாங்குவது, 7 கிரவுண்ட். ஆகவே ஒன்பதுக்கு ஒன்பது என்றால் 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட வேண்டும். ஒன்பதுக்கு இருபத்தைந்து என்றால் 2க்கு 2, 3க்கு 3, 5க்கு 7 என்று நேராகவே போட வேண்டும். அதையும் மாற்றிப் போட்டுவிட்டு போர்ட் கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் நிறைய. பழைய பி.சி.யில் இருபத்தைந்து பின் ஆண் இணைப்புதான் சீரியல்; பெண் இணைப்பு பிரிண்டருக்கு. புதிய கணினிக்கு வாங்கும் யு.எஸ்.பி. மாற்றி ஆர்.எஸ்.-232 (பி.சி. சீரியல் போர்ட்டின் மின்னழுத்தத்துக்கு ஏற்றது) வகையாக இருக்க வேண்டும். சிப்களோடு நேரடியாகப் பேசும் 3.3 வோல்ட் டி.டி.எல். மாற்றியை இதில் மாட்டினால் அது கருகும்.

கெர்மிட் ஓடத் தொடங்கிய பிறகு இந்த மூன்று கம்பி போதும். முதல் ஏற்றத்துக்கு மட்டும் போதாது. டாஸின் 'காப்பி' கட்டளை பயாஸ் (கணினியின் அடிப்படை நிரல்) வழியாகப் போர்ட்டைப் படிக்கிறது. மறுமுனை தயார் என்ற சமிக்ஞை வராமல் பயாஸ் ஒரு எழுத்தையும் வாங்காது. அதனால் பழைய கணினிப் பக்க இணைப்பிலேயே சில பின்களைக் குறுக்காகச் சேர்த்து, அந்தச் சமிக்ஞை இருப்பதாகக் காட்ட வேண்டும். இருபத்தைந்து பின்னில் 4, 5 இரண்டும் ஒன்றாக, 6, 8, 20 மூன்றும் ஒன்றாக. ஒன்பது பின்னில் 7, 8 ஒன்றாக, 1, 4, 6 ஒன்றாக.

புதிய கணினியில் லினக்ஸ் இருந்தால் நல்லது. உபுண்டு, டெபியனில் 'சிகெர்மிட்' என்ற தொகுப்பை நிறுவினால் 'கெர்மிட்' என்ற கட்டளை கிடைக்கும். மூல நிரலிலிருந்து 'மேக் லினக்ஸ்' என்று தொகுப்பவர்கள் கவனிக்க: உருவாகும் கோப்பின் பெயர் 'வெர்மிட்'. சோதித்துப் பார்த்த பிறகே அதைக் 'கெர்மிட்' என்று பெயர் மாற்றி நிறுவ வேண்டும். உங்கள் பயனர் கணக்கை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். லாக் கோப்பு அடைவில் எழுத அனுமதி இல்லை என்று பிழை வந்தால் அதுவும் அனுமதிச் சிக்கல்தான். கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம்.

உள்ளே கட்டளைகளின் வரிசை முக்கியம். முதலில் 'செட் லைன்' என்று போர்ட்டைத் திறந்து, அதற்குப் பிறகே 'செட் ஸ்பீட்'. அடுத்து 'செட் கேரியர்-வாட்ச் ஆஃப்'. இதை விட்டுவிட்டால் மோடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேரியர் (மோடம் தொடர்பு கிடைத்ததைக் காட்டும் சமிக்ஞை) இல்லை என்று இணைய மறுக்கும். பிறகு 'செட் ஃப்ளோ-கன்ட்ரோல் நன்'. மூன்று கம்பிக் கேபிளில், அனுப்பலாமா நிறுத்தலாமா என்று சொல்லும் ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். கம்பிகளே கிடையாது, அவற்றை எதிர்பார்க்கும்படி விட்டால் ஒரு எழுத்தும் வெளியே போகாது. 'கனெக்ட்' கொடுத்த பின் மீண்டும் கட்டளை நிலைக்கு வர, கன்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தி, பிறகு 'சி'.

இப்போது பழைய கணினியில் 'மோட்' கட்டளையால் காம்1 போர்ட்டை 1200 வேகம், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, 8 பிட், 1 ஸ்டாப் பிட் என்று வைத்து, 'காப்பி காம்1' என்று ஒரு கோப்புப் பெயருக்குப் படிக்கவிடுங்கள். 9600இல் முயலாதீர்கள், எழுத்துகள் சிந்தும். லினக்ஸ் பக்கம் 'செட் டிரான்ஸ்மிட் ப்ராம்ப்ட் 0', 'செட் டிரான்ஸ்மிட் லைன்ஃபீட் ஆன்' இரண்டையும் கொடுத்துவிட்டு 'டிரான்ஸ்மிட்' செய்யுங்கள். முதலாவதைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் பதில் வரும் என்று காத்துக்கொண்டே நிற்கும். முடிந்ததும் 'கனெக்ட்' கொடுத்து கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் 'காப்பி' கோப்பை மூடும். பேசிக் நிரலை முதலில் அனுப்புங்கள். 'பூ' கோப்பைச் சில துண்டுகளாக வெட்டி அனுப்பிப் பிறகு ஒட்டி, அந்தப் பேசிக் நிரலால் கெர்மிட்டாக மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் பிழை சரிபார்ப்பே கிடையாது. ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். எங்கள் கோவைப் பட்டறைகளின் பழைய சி.என்.சி. (நிரலால் இயங்கும் எந்திரங்கள்) கட்டுப்பாடுகளுக்கு நிரல் அனுப்பவும் இதே 'டிரான்ஸ்மிட்' பயன்படும். ஆனால் அவற்றில் பல 7 பிட், ஈவன் பாரிட்டி, எக்ஸான்-எக்ஸாஃப் (எழுத்துகளாலேயே 'நிறுத்து', 'தொடர்' என்று சொல்லும் முறை) கேட்கும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஸில் கெர்மிட் ஏறிவிட்டால் மீதி எளிது. அங்கே போர்ட்டையும் வேகத்தையும் சொல்லி 'சர்வர்' என்று தட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். லினக்ஸிலிருந்தே 'ரிமோட் டைரக்டரி' கொடுத்துப் பட்டியலைப் பார்க்கலாம், 'கெட்' கொடுத்து எடுக்கலாம், 'ஃபினிஷ்' கொடுத்து முடிக்கலாம். இரண்டு பக்கமும் 'செட் பிளாக்-செக் 3' (வலுவான பிழை சரிபார்ப்பு) வையுங்கள். இருவரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெறும் ஆறு பிட் கூட்டல் சரிபார்ப்புக்கு இறங்கிவிடும். இரண்டு எழுத்துகள் இடம் மாறினால்கூட அதற்குத் தெரியாது. பாதியில் தடுமாறினால் 'ரோபஸ்ட்' என்ற ஒரே கட்டளை பாக்கெட்டைச் சிறிதாக்கி, எல்லாக் கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கும் முன்னொட்டு போட்டு அனுப்பும். மெதுவாகப் போனாலும் போய்ச் சேரும்.

தமிழ்க் கோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இது. 1990களின் தமிழ் ஆவணங்கள், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி, டாப், டாம் அல்லது அந்தந்த எழுத்துருவுக்கே உரிய எட்டு பிட் குறியீட்டில் இருக்கும். உரை வகையில் அனுப்பினால், எழுத்து மாற்ற அமைப்புகளைப் பொறுத்து அந்தக் குறியீடுகள் மாறிப்போகும் ஆபத்து உண்டு. மாறியதை எந்த யூனிகோடு மாற்றியாலும் மீட்க முடியாது. இரண்டு பக்கமும் 'செட் ஃபைல் டைப் பைனரி', சி-கெர்மிட் பக்கம் கூடுதலாக 'செட் டிரான்ஸ்ஃபர் மோட் மேனுவல்'. எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே எடுங்கள். எந்தக் குறியீடு என்று பின்னால் கண்டுபிடிக்க அவை வேண்டும். யூனிகோடாக மாற்றுவதைப் புதிய கணினியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

நேரக் கணக்கு: 9600 வேகத்தில், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 10 பிட் ஆவதால், நொடிக்கு அதிகபட்சம் 960 பைட். 10 மெகாபைட் வர மூன்று மணி நேரத்துக்கு மேல், 40 மெகாபைட் என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். எம்.எஃப்.எம். டிஸ்க்குகளின் கொள்ளளவே பெரும்பாலும் இதற்குள்தான், ஆகவே ஓர் இரவு போதும். போர்ட்டை இயக்கும் சிப் 16550ஏ என்றால் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம். பழைய 8250 என்றால் 9600இலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கணினியில் பி.கே.ஜிப் என்ற சுருக்கும் நிரல் இருந்தால் அடைவு அடைவாகச் சுருக்கிவிட்டு எடுங்கள். வெவ்வேறு அடைவுகளில் ஒரே பெயரில் உள்ள கோப்புகள் ஒன்றோடொன்று மோதாமலும் இருக்கும்.

கொலம்பியா தன் கெர்மிட் திட்டத்தை 2011இல் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு சி-கெர்மிட் 9.0 பி.எஸ்.டி. என்ற திறமூல உரிமத்தில் வெளிவந்ததால் அலுவலகங்களும் பள்ளிகளும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். கட்டுரையைப் படித்துவிட்டுப் பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பத் தயாராக இருப்பவர்கள், முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்படி ஒரு திருத்தக் குறிப்பாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.