சபா கமரின் நடிப்பு வாழ்க்கை ஓர் இந்திப் படத்தோடு முடிவதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகிஸ்தான் நடிகை சபா கமரைப் பற்றித் தமிழ் நாளிதழ்களின் சினிமாப் பக்கங்களில் எப்போதாவது வெளிவரும் துணுக்குகள், தங்கள் நாளிதழில் வருபவை உட்பட, அவரை 'இர்ஃபான் கானுக்கு ஜோடியாக நடித்தவர்' என்று அறிமுகப்படுத்திவிட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன. 2017 மே மாதம் வெளியான 'இந்தி மீடியம்' அவர் நடித்த ஒரே இந்திப் படம். அது வெளியாகும் முன்பே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தம் நாட்டுத் தொலைக்காட்சியில் நடித்து, 2012-இல் தம்கா-இ-இம்தியாஸ் விருதையும், 2016-இல் பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் விருதையும் பாகிஸ்தான் அரசிடமிருந்து பெற்றிருந்தவர் அவர் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாமலே போகிறது.

1984-இல் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, குஜ்ரன்வாலாவில் பாட்டியிடம் வளர்ந்த சபா, அரசுத் தொலைக்காட்சியான பிடிவி வழியாகவே நடிப்புக்கு வந்தார். தொலைக்காட்சி என்றதும் நாம் அதைச் சினிமாவுக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பது வழக்கம். பாகிஸ்தானுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. லாகூர்த் திரையுலகம் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக்கின் காலத்திலிருந்து நலிந்துகொண்டே போக, நல்ல எழுத்தும் நல்ல நடிப்பும் தொலைக்காட்சி நாடகத்தில்தான் தழைத்தன. அங்கே ஒரு தொடர் பெரும்பாலும் வாரம் ஒரு முறை ஒளிபரப்பாகி, ஏறத்தாழ ஆறு மாதத்தில் கதை முடிந்துவிடும். நம் நெடுந்தொடர்களைப் போல ஆயிரம் பகுதிகளைத் தாண்டி இழுப்பதில்லை. ஒரே பாத்திரத்தில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்ளாமல் புதிய புதிய வேடங்களுக்கு மாறும் வாய்ப்பு நடிகர்களுக்கு அதனால் கிடைக்கிறது. பிரிவினைக் காலக் கதையான 'தாஸ்தான்', தன்னலம் பிடித்த தங்கையாக அவர் வந்த 'மாத்', பிரபலங்களைப் போல் வேடமிட்டுக் கேலி செய்த நையாண்டி நிகழ்ச்சி என அடுத்தடுத்து சபா ஏற்றவற்றைப் பார்த்தால், இந்தி மீடியத்தில் நாம் ரசித்த நகைச்சுவை அவருக்கு எங்கே பழகியது என்பது விளங்கிவிடும்.

அந்தப் படத்திலேயே ஒன்றைச் சொல்கிறேன். மகள் ஆங்கிலம் தெரியாமல் வளர்ந்தால் ஒதுக்கப்படுவாள், மனம் உடைவாள், போதை மருந்துக்கு அடிமையாவாள் என்று சபா நடித்த மீதா கணவனிடம் திரும்பத் திரும்பப் புலம்புகிறாள். அபத்தமான பேச்சுதான்; ஆனால் சபா சிரிப்பின் சாயல்கூட முகத்தில் படாமல் உண்மையான பீதியோடு அதைச் சொல்வதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆயினும் அவருடைய ஆகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால், அதே 2017-இல் ஒளிபரப்பான 'பாகி' தொடரைத்தான் நான் சொல்வேன். அந்தத் தொடருக்கு அடிப்படையாக அமைந்தவரும், சமூக ஊடகக் காணொளிகளால் புகழும் வசையும் ஒருசேரப் பெற்றவருமான கந்தீல் பலோச், 2016 ஜூலையில் முல்தானில் தம் சொந்தச் சகோதரனாலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கௌரவக் கொலைகளில் குடும்பத்தார் மன்னித்துவிட்டால் கொலையாளி தப்பிவிடலாம் என்றிருந்த வழியை அடைக்கும் சட்டத்தைப் பாகிஸ்தான் நாடாளுமன்றம் அந்த ஆண்டு அக்டோபரிலேயே நிறைவேற்றியது. 2019-இல் ஆயுள் தண்டனை பெற்ற அந்தச் சகோதரன் 2022-இல் மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்டான் என்பது வேறு கதை. கொலை நடந்து ஓராண்டு ஆன நிலையில், அந்தப் பெண்ணின் மீது ஊரே இரண்டுபட்டிருந்தபோது, அவருடைய வாழ்க்கையைத் தழுவிய பாத்திரத்தை ஏற்பது எளிய காரியமன்று. சபா அவரைத் தியாகியாகவும் காட்டவில்லை, குற்றவாளியாகவும் காட்டவில்லை. கிராமத்துப் பெண்ணின் வெடுக்கென்ற பேச்சும், கேமராவுக்காகப் பழகிக்கொண்ட கொஞ்சலும் ஒரே ஆளிடம் இருப்பதை நம்ப வைத்தார்.

அவரைப் பற்றிய சர்ச்சைகளையும் நம் பத்திரிகைகள் அரைகுறையாகவே தருகின்றன. லாகூரின் வசீர் கான் பள்ளிவாசலில் 2020-இல் எடுத்த ஒரு பாடல் காட்சிக்காக வழக்குத் தொடரப்பட்டதையும் அவர் மன்னிப்புக் கேட்டதையும் வெளியிட்டவர்கள், பின்னர் நீதிமன்றம் அவரை விடுவித்ததையும் வெளியிட்டிருக்க வேண்டாமா? ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசிக்குப் படப்பிடிப்புக்காகச் சென்றபோது இந்தியக் குழுவினர் அனைவரும் உள்ளே போய்விட, பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருந்த தம்மை மட்டும் நிறுத்திவைத்ததை அவர் கண்ணீரோடு சொன்ன காணொளி 2018-இல் இங்கும் வேகமாகப் பரவியது. அதைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அவருடைய ஒரு தொடரையாவது பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

2025 ஏப்ரலில் நடந்த பஹல்காம் தாக்குதலை அடுத்துப் பாகிஸ்தான் தொலைக்காட்சிகள் பலவற்றின் யூடியூப் அலைவரிசைகள் இந்தியாவில் முடக்கப்பட்டன. அந்த அரசியல் முடிவின் சரி தவறை விவாதிப்பது என் நோக்கமன்று. அவருடைய தொடர்களை நேரடியாகப் பார்க்க வழி குறைந்துபோன இந்நிலையில், ஒரு கலைஞரைப் பற்றிய எழுத்து முழுமையாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறேன். சபா கமரின் தொலைக்காட்சிப் பணியை மையமாக வைத்து, சர்மத் கூசத் இயக்கத்தில் அவர் நடித்த 'மண்டோ' (2015), 'கம்லி' (2022) ஆகிய படங்களையும் சேர்த்து, தங்கள் வார இணைப்பில் ஒரு விரிவான கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்